ரேகை விழாத கைக்கும் ஃபோன் திறக்க வேண்டும்: கண் ஸ்கேன், கைரேகை லாக் இரண்டுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

"ரேகை விழமாட்டேங்குது, கையத் தொடச்சுட்டு இன்னொரு தடவ வைங்கம்மா" என்ற குரலை ரேஷன் கடை வரிசையில் நின்ற எவரும் கேட்டிருப்பார்கள். மதுரையில் அந்தக் குரல் யாரை நோக்கி அதிகம் எழுகிறது என்று கவனித்தால், கையால் பிழைப்பவர்களை நோக்கியே என்பது விளங்கும். நாள் முழுவதும் ஈர நாரில் மல்லிகை தொடுப்பவர்கள், சுங்குடிச் சேலைக்கு நூலால் முடிச்சுப் போடுபவர்கள், மேலூர்ப் பக்கம் கிரானைட் பட்டறையில் நிற்பவர்கள், சிமெண்ட் குழைக்கும் கொத்தனார்கள், சித்தாள்கள் ஆகியோரின் விரல் நுனியில் ரேகை தேய்ந்து வழுவழுப்பாகியிருக்கும். அதே விரல்தான் இப்போது ஃபோனையும் திறக்க வேண்டியிருக்கிறது.

என் பெரியம்மா மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டிலிருந்து வரும் மல்லிகையை வீட்டிலிருந்தே தொடுத்துக் கொடுப்பவர். அவருக்குப் புது ஃபோன் வாங்கிக் கொடுத்த அன்று, வலது கட்டைவிரலைப் பதியவே அரை மணி நேரம் போராடினேன். பதிந்த பின்பும் பத்து முறை தொட்டால் மூன்று முறைதான் திறந்தது. "ரேஷன் கடையில கண்ணக் காட்டுனா ஏத்துக்குதுல்ல, அது மாதிரி கண்ணக் காட்டித் தொறக்குற ஃபோனா வாங்கிக் குடுய்யா" என்றார். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடிப் போனதில் தெரிந்துகொண்டதையும், உறவுக்காரர்கள் பலரின் ஃபோன்களில் ரேகை பதிந்து கொடுத்த அனுபவத்தையும் சேர்த்து இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: உங்கள் ஃபோனில் என்ன இருக்கிறது என்று கண்டறியுங்கள்

கடைக்காரர் "கண்ணைக் காட்டினாலே திறக்கும்" என்று சொல்லி விற்கும் ஃபோன்களில் பெரும்பாலானவை கண்ணைப் பார்ப்பதே இல்லை. அவை செல்ஃபி கேமராவால் முகத்தைப் படம் பிடித்து ஒப்பிடுகின்றன. கருவிழி ஸ்கேன் என்பது வேறு. அதற்குக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசும் ஒரு சிறு விளக்கும், அந்த ஒளியில் படம் எடுக்கும் தனிக் கேமராவும் ஃபோனின் நெற்றிப் பகுதியில் இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஃபோன்களின் வரலாறு மிகக் குறுகியது. 2015-இல் ஜப்பானில் ஃபுஜிட்ஸு நிறுவனம் ஆரோஸ் என்.எக்ஸ். என்ற ஃபோனில் இதைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட்டின் லூமியா 950 வந்தது. 2016 ஆகஸ்டில் சாம்சங் கேலக்ஸி நோட் 7 வெளிவந்து, பேட்டரி தீப்பற்றியதால் திரும்பப் பெறப்பட்டது. பிறகு எஸ் 8, நோட் 8, எஸ் 9, நோட் 9 ஆகியவற்றில் கருவிழி ஸ்கேன் தொடர்ந்தது. 2019-இல் எஸ் 10 வந்தபோது சாம்சங் அதைக் கைவிட்டு, திரைக்கு அடியில் கைரேகை சென்சாரை வைத்தது. முகப்பு முழுவதும் திரையாக வேண்டும் என்ற ஆசையில் அந்த விளக்குக்கும் கேமராவுக்கும் இடமில்லாமல் போனது என்பதே என் கணிப்பு. ஆக, இன்று கடையில் அடுக்கியிருக்கும் புது ஃபோன்களில் பெரியம்மா கேட்டது அநேகமாகக் கிடைக்காது. டவுன் ஹால் ரோட்டிலோ மீனாட்சி பஜாரிலோ செகண்ட் ஹேண்டில் எஸ் 9, நோட் 9 கிடைத்தால் கிடைக்கும். ஆனால் அவற்றுக்கு 2022-க்குப் பிறகு பாதுகாப்பு அப்டேட் வருவதில்லை. வங்கிக் கணக்கோடு இணைத்துப் பயன்படுத்தும் ஒருவருக்கு அப்படிப்பட்ட ஃபோனை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கைரேகை சென்சாரில் மூன்று வகை உண்டு. பக்கவாட்டுப் பட்டனிலோ பின்புறத்திலோ இருப்பது மின்தேக்க வகையைச் சேர்ந்தது. ரேகையின் மேடு சென்சாரைத் தொடுவதையும் பள்ளம் தொடாதிருப்பதையும் மின்னூட்ட வேறுபாட்டால் அது அறிகிறது. திரைக்கு அடியில் இருப்பவை இரண்டு வகை. விரல் வைத்தவுடன் அந்த இடம் பளிச்சென்று ஒளிர்ந்தால் அது ஒளியால் படமெடுக்கும் ஆப்டிகல் வகை. ஒளி ஏதும் இல்லாமல் திறந்தால் அது காதுக்குக் கேட்காத ஒலியால் ரேகையை அறியும் மீயொலி வகை. விலை குறைந்த ஃபோன்களில் பக்கவாட்டுப் பட்டனும், நடுத்தர விலையில் ஆப்டிகல் வகையும், உயர்ந்த விலையில் மீயொலியும் இருப்பது வழக்கம். ரேகையை எப்படிப் பதிய வேண்டும் என்பது இந்த வகையைப் பொறுத்தே மாறுவதால், முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: கண்ணில் எதை அளக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்

பேச்சு வழக்கில் நாம் கருவிழி என்று சொல்வது, கண்மணியைச் சுற்றி வளையமாக இருக்கும் நிறமுள்ள திரையை. அதன் இழைகளும் குழிகளும் மடிப்புகளும் கருவிலேயே உருவாகிவிடுகின்றன. இரட்டையர்களுக்குள் மட்டுமல்ல, ஒரே மனிதரின் இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும்கூட அந்த அமைப்பு வேறுபடும். கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரை முற்றிலும் வேறு உறுப்பு. ஃபோன் அதைப் பார்ப்பதில்லை. "ரெட்டினா ஸ்கேன்" என்று கடையில் யாராவது சொன்னால், பேச்சுவாக்கில் சொல்கிறார் என்று விட்டுவிடலாம்.

நம் ஊர்க் கண்களுக்கு இதில் ஒரு தனிச் செய்தி உண்டு. அடர் பழுப்புக் கருவிழியைச் சாதாரண வெளிச்சத்தில் படம் பிடித்தால், மெலனின் என்ற நிறமி ஒளியை விழுங்கிவிடுவதால் வெறும் கருவட்டம்தான் தெரியும். அகச்சிவப்புக்கு அருகிலுள்ள, ஏறத்தாழ 700 முதல் 900 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை மெலனின் அந்த அளவுக்கு விழுங்குவதில்லை. எனவே அந்த ஒளியில் கன்னங்கரேலென்ற கண்ணிலும் இழைகள் தெளிவாகத் தெரிகின்றன.

இந்தப் படத்தை எண்ணாக மாற்றும் வழியைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் டாக்மன் உருவாக்கி, 1994-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அவருடைய முறையில் ஒரு கண் 2,048 இலக்கங்கள் கொண்ட குறியீடாகிறது. ஒவ்வோர் இலக்கமும் பூஜ்யம் அல்லது ஒன்று. இரு வேறு கண்களின் குறியீடுகளை ஒப்பிட்டால் ஏறத்தாழப் பாதி இலக்கங்கள் மாறுபடும். மாறுபாடு மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் ஒரே கண் என்று முடிவு செய்யலாம். இரு அந்நியர்களின் கண்கள் தற்செயலாக அந்த அளவுக்கு ஒத்துப்போவது மிக மிக அரிது. கணக்கின்படி கண் விரலைவிட உறுதியான அடையாளம்தான். அதில் எனக்கு ஐயமில்லை. ஆதாருக்குப் பத்து விரல்களோடு இரு கண்களையும் பதிவதும், ரேகை விழாதவர்களுக்காக ரேஷன் கடைகளுக்குக் கருவிழிக் கருவிகள் வந்ததும் இதனால்தான். ஆனால் ரேஷன் கடையில் கருவியைக் கண்ணருகே பிடித்துக் காட்ட ஒருவர் இருக்கிறார், தலைக்கு மேல் கூரையும் இருக்கிறது. ஃபோனை நாம் எங்கெல்லாம் திறக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் கதை மாறிவிடுகிறது.

மூன்றாம் படி: உங்கள் கையையும் கண்ணையும் இடத்தையும் வைத்து முடிவெடுங்கள்

வெயிலில் நிறைய அகச்சிவப்பு ஒளி இருக்கிறது. சித்திரை மாத நண்பகலில் தமுக்கம் மைதானத்துக்கு எதிரே நின்றுகொண்டு கருவிழி ஸ்கேனால் ஃபோனைத் திறக்க முயல்பவர், பகலில் மின்மினியைத் தேடுபவரைப் போன்றவர். ஃபோனின் சிறு விளக்கு சூரியனோடு போட்டி போட முடியாது. போதாக்குறைக்கு நாமும் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறோம். இருட்டறையிலோ அது பிரமாதமாக வேலை செய்யும். பைக் ஓட்டிகளின் குளிர்க்கண்ணாடி, முதியவர்களின் தளர்ந்து தொங்கும் மேலிமை, வெயிலில் உழைப்பவர்களுக்கு மூக்கோரத்திலிருந்து கருவிழியின் மேல் வளரும் சதை ஆகியவையும் தடைகள்.

இன்னொன்றை மதுரைக்காரர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையால், கண்ணைக் காட்டுவதற்கென்றே வெளியூர்களிலிருந்து மக்கள் வரும் ஊர் இது. கண் பரிசோதனைக்குச் சொட்டு மருந்து விட்டால் கண்மணி அகலமாக விரிந்து, கருவிழி ஓரத்தில் மெல்லிய வளையமாக ஒடுங்கிவிடும். அதன் வீரியம் தணியச் சில மணி நேரம் ஆகும். அதுவரை கருவிழி ஸ்கேன் உங்களை அடையாளம் காணாமல் போகலாம். கண்புரை அறுவை சிகிச்சை கருவிழிக்குப் பின்னால் இருக்கும் வில்லையில் நடப்பது. ஆனாலும் அதற்குப் பின் கண்மணியின் வடிவமோ விரியும் அளவோ சற்று மாறலாம் என்பதால், ஃபோன் மறுத்தால் புதிதாகப் பதிந்துகொள்வது நல்லது.

விரலின் பக்கம் உள்ள குறைகளை முன்பே சொன்னேன். ஈரம், வியர்வை, எண்ணெய், வறட்சி, தேய்மானம் எல்லாமே தொல்லை தரும். கேபெசிடபைன் போன்ற சில புற்றுநோய் மருந்துகளாலும் ரேகை மங்குவதுண்டு. ஆயினும் விரலுக்குச் சில சலுகைகள் உண்டு. சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுக்கும்போதே திறந்துவிடும், முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, வெயில் இருட்டு என்ற வேறுபாடு கிடையாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, நமக்கு இரு கண்கள்தான் உண்டு, விரல்களோ பத்து. வலது கட்டைவிரல் தேய்ந்துவிட்டது என்பதற்காக ஒன்பது விரல்களை மறந்துவிடுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு.

உறக்கத்தில் இருப்பவரின் விரலை எடுத்து ஃபோனில் வைத்துவிட முடியும். மூடிய கண்ணைக் கொண்டு அப்படிச் செய்ய முடியாது. வீட்டில் அப்படி ஓர் அச்சம் இருப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு, ஃபோனைப் பொறுத்தவரை விரலே போதும் என்பது என் முடிவு. அதை ஒழுங்காக விழச் செய்வதில்தான் உழைப்பு தேவைப்படுகிறது.

நான்காம் படி: முதலில் நல்ல பின் நம்பர் வையுங்கள்

கண்ணையோ விரலையோ பதியும் முன் பின் நம்பர் அல்லது பாஸ்வேர்டு வைக்கும்படி ஃபோன் கேட்கும். பலர் அவசரத்தில் 1234 என்றோ பிறந்த ஆண்டையோ வைத்துவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுகிறார்கள். உண்மையில் வீட்டின் தேக்குக் கதவு அந்த எண்தான். ரேகையும் கருவிழியும் அதற்குப் பக்கத்தில் வைத்த சிறு வாசல்கள். ஃபோனை அணைத்துப் போட்டால் எண்ணைத்தான் கேட்கும். ஐஃபோனில் ரேகை ஐந்து முறை தவறினாலோ, 48 மணி நேரம் திறக்காமல் இருந்தாலோ எண்ணைக் கேட்கும். ஆண்ட்ராய்டில் ரேகையாலேயே திறந்துகொண்டிருந்தாலும் 72 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது எண்ணைக் கேட்கும். பெரியவர்கள் தங்கள் எண்ணை மறந்துவிடாமல் இருக்க இது ஒரு வகையில் உதவியே.

நான்கு இலக்க எண்ணில் 10,000 வாய்ப்புகள்தான் உண்டு. ஆறு இலக்கத்தில் 10 லட்சம். ஆறே வையுங்கள். அந்த எண்ணைப் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் பத்துப் பேர் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க அழுத்துவதைவிட விரலால் திறப்பது பாதுகாப்பானது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளின் நெரிசலில் ஃபோனைப் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும். திருடியவர் எண்ணையும் முன்பே பார்த்து வைத்திருந்தால், போனது ஃபோன் மட்டுமாக இருக்காது.

ஐந்தாம் படி: கைரேகையைப் பொறுமையாகப் பதியுங்கள்

இந்தப் படியில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். பதியும் நேரத்தில் கொடுக்கும் ஐந்து நிமிடம், பிறகு வரும் ஓராண்டுத் தொல்லையைத் தவிர்க்கும்.

முதலில் விரலைத் தேர்ந்தெடுங்கள். வேலையில் அதிகம் தேயாத விரல் எதுவென்று பகல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக உற்றுப் பாருங்கள். பூத் தொடுப்பவருக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நாரோடு உரசிக்கொண்டே இருக்கும். மோதிர விரல் தப்பித்திருக்கும். முடிச்சுப் போடுபவருக்கு ஒரு கையின் விரல்கள் மற்றதைவிடத் தெளிவாக இருக்கலாம். சர்க்கரை அளவு பார்க்க ஊசி குத்திக்கொள்ளும் விரலைத் தவிர்த்துவிடுங்கள். பக்கவாட்டுப் பட்டன் உள்ள ஃபோனில், எந்தக் கையில் பிடித்தால் எந்த விரல் இயல்பாக அந்த இடத்தில் அமர்கிறது என்றும் பார்க்க வேண்டும். தெளிவான விரலாக இருந்தும் எட்டாத விரல் என்றால் பயனில்லை.

அடுத்து விரலைத் தயார் செய்யுங்கள். கையைச் சோப்பால் கழுவி, நன்றாகத் துடைத்து, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். கழுவிய உடனே தோல் ஊறியிருக்கும். பாத்திரம் கழுவியும் துணி துவைத்தும் வறண்டுபோன கையாக இருந்தால், ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துப் பிசுபிசுப்பு இல்லாமல் துடைத்துவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். வறண்ட தோலில் மேடு பள்ளம் சென்சாருக்குச் சரியாகத் தெரியாது. சிறிது ஈரப்பசை இருந்தால் தெரியும். சென்சாரையும் மென்மையான துணியால் துடையுங்கள். திரைக்கு மேல் பாதுகாப்புக் கிளாஸ் ஒட்டுவதாக இருந்தால் பதிவதற்கு முன்பே ஒட்டிவிடுங்கள். ஒட்டாமல் பதிந்துவிட்டுப் பிறகு ஒட்டினால் பழைய பதிவு சரியாகப் பொருந்தாது. மீயொலி சென்சார் உள்ள ஃபோனுக்குச் சாதாரண டெம்பர்ட் கிளாஸ் ஒத்துவராமல் போகலாம். கிளாஸுக்கும் திரைக்கும் நடுவே காற்று இருந்தால் ஒலி அங்கேயே நின்றுவிடும். அந்த மாடலுக்கென்று வரும் கிளாஸையே கேட்டு வாங்குங்கள்.

இப்போது செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று பதிவைத் தொடங்குங்கள். விரலின் கூரான நுனியை வைக்காமல், ரேகை சுழியாக வளையும் சதைப்பகுதியை வையுங்கள். ஃபோன் "எடு, வை" என்று பல முறை சொல்லும்போது, பலர் ஒரே இடத்திலேயே மீண்டும் மீண்டும் வைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் விரலைச் சிறிது மேலே, கீழே, இடமாக, வலமாக, சற்றுச் சாய்வாக மாற்றி வைக்க வேண்டும். பின்னாளில் அவசரத்தில் விரல் எந்தக் கோணத்தில் விழும் என்று யாரும் சொல்ல முடியாது. அத்தனை கோணங்களையும் ஃபோனுக்கு இப்போதே காட்டிவிட வேண்டும். சென்சாரில் விரலை அழுத்தமாக வைத்து ஒரு நொடி அசையாமல் இருங்கள். தட்டிவிட்டு எடுத்துவிடக் கூடாது.

தேய்ந்த விரலுக்கு ஒரு பழைய உத்தி இருக்கிறது. அதே விரலை "விரல் 1", "விரல் 2" என்று இரண்டு முறை தனித்தனியாகப் பதியுங்கள். ஒரு முறை கை உலர்ந்திருக்கும்போதும், இன்னொரு முறை வேலை முடிந்து துடைத்த சற்று ஊறிய நிலையிலும் பதிந்தால், இரு நிலைகளிலும் ஃபோன் அடையாளம் கண்டுகொள்ளும். பல ஃபோன்கள் ஐந்து விரல்கள் வரை பதிய அனுமதிக்கின்றன, சில அதைவிடக் குறைவு. பெரியம்மாவின் ஃபோனில் கட்டைவிரலை அழித்துவிட்டு, வலது மோதிர விரலை இரு முறையும் இடது மோதிர விரலை ஒரு முறையும் பதிந்தேன்.

பதிந்த பின் உடனே பத்து முறை திறந்து பாருங்கள். எட்டுக்குக் குறைவாகத் திறந்தால் அழித்துவிட்டு வேறு விரலை முயலுங்கள். பத்துக்குப் பத்து எதிர்பார்க்க வேண்டாம். வலுவான பயோமெட்ரிக், அதாவது உடல் அடையாளம், என்று ஏற்கப்படும் சென்சாருக்கு ஆண்ட்ராய்டு விதிப்பதே, உரியவரைத் தவறாக மறுப்பது பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான். சாம்சங் ஃபோன்களில் கிளாஸ் ஒட்டியிருந்தால் "டச் சென்சிட்டிவிட்டி" என்பதைக் கூட்டி வைப்பதும் சில நேரம் உதவுகிறது.

ஆறாம் படி: கருவிழி ஸ்கேன் உள்ள ஃபோன் என்றால்

அப்படியொரு ஃபோன் ஏற்கெனவே கையில் இருந்தால், வீட்டுக்குள் சன்னலுக்கு முதுகு காட்டாமலும் நேர் வெயில் முகத்தில் படாமலும் உட்கார்ந்துகொள்ளுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். ஃபோனைக் கண் மட்டத்தில் 25 முதல் 35 சென்டிமீட்டர் தூரத்தில் பிடியுங்கள். ஒரு சாணுக்கும் ஒன்றரைச் சாணுக்கும் இடையே என்று வைத்துக்கொள்ளலாம். திரையில் தோன்றும் இரு வட்டங்களுக்குள் கண்களைப் பொருத்தி, சற்று அகலத் திறந்து பாருங்கள். 20 சென்டிமீட்டருக்கும் அருகே கொண்டுபோக வேண்டாம் என்பது தயாரிப்பாளரின் எச்சரிக்கை. ஒட்டிய கிளாஸ் அந்தச் சிறு விளக்கை மறைத்திருந்தாலும் ஸ்கேன் விழாது. சாம்சங்கில் ஒருவருடைய கண்களை மட்டுமே பதிய முடியும். கணவன், மனைவி இருவரும் ஒரே ஃபோனைப் பயன்படுத்தும் வீட்டில் விரல்தான் வழி.

ஏழாம் படி: பதிவு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ரேகையைக் கொடுக்கப் பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. உசிலம்பட்டி வட்டாரத்தில் குற்றப்பரம்பரைச் சட்டத்தை முதியவர்கள் ரேகைச் சட்டம் என்றே சொல்வார்கள். ஒரு சமூகத்தையே பிறப்பால் குற்றவாளி என்று எழுதி, ஆண்களின் ரேகையைப் பதிந்து கண்காணித்த சட்டம் அது. அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. ரேகை என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் அப்படியொரு நினைவும் இருக்கிறது. நம் ரேகை யாரிடம் போகிறது என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு.

ஃபோனைப் பொறுத்தவரை விடை தெளிவானது. ஃபோன் விரலின் படத்தைச் சேமித்து வைப்பதில்லை. அதிலிருந்து கணக்கிட்ட குறியீட்டைத்தான் சேமிக்கிறது. அந்தக் குறியீடும், சிப்புக்குள் மற்ற செயலிகள் எட்ட முடியாத தனி அறையில் பூட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் பயன்படுத்தும் வங்கிச் செயலிக்கு உங்கள் ரேகை போவதில்லை. "பொருந்தியது" அல்லது "பொருந்தவில்லை" என்ற விடை மட்டுமே போகிறது. ஆதாரில் பதிந்த ரேகைக்கும் ஃபோனில் பதிந்த ரேகைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆதாரில் இருப்பது அரசின் மையத் தரவகத்தில் இருக்கிறது. அதை யாரும் தவறாகப் பயன்படுத்திவிடுவார்கள் என்று அஞ்சினால், ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கும் வசதி தனியாக உண்டு. பூட்டினால் ரேஷன் கடையிலும் ரேகை விழாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: ஏமாற்ற முடியுமா என்பதை அளவோடு எண்ணிப் பாருங்கள்

முடியும். ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் அமைப்பு, 2013 செப்டம்பரில் ஐஃபோன் 5எஸ் வெளிவந்த சில நாட்களிலேயே, கண்ணாடியில் பதிந்த ரேகையைப் படமெடுத்துப் போலி விரல் செய்து அதைத் திறந்து காட்டியது. 2017 மே மாதம் அதே அமைப்பு எஸ் 8-இன் கருவிழி ஸ்கேனையும் ஏமாற்றியது. இரவுப் பயன்முறை உள்ள கேமராவால் கண்ணைப் படமெடுத்து, லேசர் பிரிண்டரில் அச்சிட்டு, அதன் மேல் ஒரு காண்டாக்ட் லென்ஸை வைத்துக் காட்ட, ஃபோன் திறந்துவிட்டது. சாம்சங் பிரிண்டரில்தான் அச்சு நன்றாக வந்தது என்று அவர்கள் கிண்டலும் செய்தார்கள். இரவுப் பயன்முறை எதற்கு என்றால், முன்பு சொன்ன அதே அகச்சிவப்புக் காரணம்தான். நம் ஊர்க் கல்யாண ஃபிளெக்ஸ் பேனரிலிருந்து ஒருவருடைய கருங்கண்ணை எடுத்து ஃபோனைத் திறந்துவிட முடியாது; அதில் கருவிழியின் இழையே பதிந்திருக்காது.

இவையெல்லாம் ஒருவரைக் குறிவைத்து, பொருளும் நேரமும் செலவழித்துச் செய்யும் வேலைகள். பஸ்ஸில் ஃபோனைத் தட்டிப் பறிப்பவர் இதற்கெல்லாம் மெனக்கெட மாட்டார். முன்பின் தெரியாத ஒருவரின் விரல் தற்செயலாக உங்கள் ஃபோனைத் திறக்க, ஒரே விரல் பதிந்திருந்தால் 50,000-இல் ஒரு வாய்ப்பு என்று ஆப்பிள் சொல்கிறது. ஐந்து விரல் பதிந்தால் அது 10,000-இல் ஒன்று வரை உயரும். எனவே தேவைக்கு மேல் விரல்களைப் பதிய வேண்டாம். பேரப்பிள்ளைகள் விளையாடுவதற்காக அவர்கள் விரலையும் சேர்த்துவிடுவது இன்னும் மோசம்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது கவர்தான். 2019-இல் கேலக்ஸி எஸ் 10-இல் சில சிலிக்கோன் கவர்கள் திரையை மூடியிருந்தபோது யார் விரல் வைத்தாலும் திறந்தது. கவரின் மேற்பரப்பு அமைப்பையே சென்சார் ரேகை என்று எடுத்துக்கொண்டதே காரணம். சாம்சங் அதை ஒப்புக்கொண்டு அப்டேட் கொடுத்தது. புதிதாக கவரோ கிளாஸோ மாற்றினால், பதியாத ஒரு விரலை வைத்துத் திறக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: பணத்துக்கும் பழுதுக்கும்

வங்கிச் செயலிகளில் ரேகையை ஏற்க வைத்தால் வசதிதான். யூபிஐ பணப் பரிமாற்றத்துக்கே பின் நம்பருக்குப் பதிலாக ஃபோனின் பயோமெட்ரிக்கைப் பயன்படுத்தும் வசதி 2025 அக்டோபரில் அறிமுகமானது. தொடக்க வரம்பு ஒரு முறைக்கு 5,000 ரூபாய். வேண்டாம் என்பவர்கள் அதை இயக்காமலே விட்டுவிடலாம். வயதானவர்களின் ஃபோனில் நான் அதை இயக்குவதில்லை. வேறு யாராவது "இங்க ஒரு தடவ விரல வைங்க" என்றால் அவர்கள் கேள்வி கேட்காமல் வைத்துவிடுவார்கள். ரேஷன் கடை அவர்களை அப்படிப் பழக்கியிருக்கிறது.

யாரோ வற்புறுத்தித் திறக்க வைப்பார்கள் என்று தோன்றும் நேரத்தில், ஆண்ட்ராய்டில் பவர் மெனுவில் உள்ள "லாக்டவுன்" என்பதைத் தொட்டால் விரலும் முகமும் செயலிழந்து எண் மட்டுமே திறக்கும். சில ஃபோன்களில் அதைச் செட்டிங்ஸில் முதலில் இயக்கி வைக்க வேண்டும். முக அடையாளம் உள்ள ஐஃபோனில் பக்கவாட்டுப் பட்டனையும் ஒலியளவுப் பட்டனையும் சேர்த்துச் சில நொடி அழுத்தினால் அதே பயன் கிடைக்கும்.

திரை உடைந்து மாற்றக் கொடுக்கும்போது, திரைக்கு அடியில் சென்சார் உள்ள ஃபோனாக இருந்தால், "டிஸ்ப்ளே மாத்துனதுக்கப்புறம் ஃபிங்கர் வேலை செய்யுமா?" என்று பணம் பேசுவதற்கு முன்பே கேளுங்கள். விலை குறைந்த மாற்றுத் திரைகள் சிலவற்றோடு ஆப்டிகல் சென்சார் வேலை செய்வதில்லை. நல்ல திரை போட்டாலும் சென்சாரை மறுபடியும் அளவிட்டுச் சரிசெய்ய வேண்டியிருக்கலாம். பழைய ஐஃபோன்களில் ஹோம் பட்டனை வேறொன்றால் மாற்றினால் ரேகை வசதியே போய்விடும், ஏனென்றால் அந்தப் பட்டனும் ஃபோனின் சிப்பும் ஒன்றையொன்று அறிந்த ஜோடி. ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் உங்கள் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சோதிக்க வேண்டுமென்றால் நேரில் நின்று திறந்து கொடுங்கள்.

பெரியம்மாவின் மோதிர விரல் இப்போது பத்துக்கு எட்டு முறை திறக்கிறது. மல்லிகை வரத்து அதிகமாகி இரவு வரை தொடுக்கும் நாட்களில் அது ஐந்தாகக் குறையும். அன்றைக்கு அவர் ஆறு இலக்க எண்ணையே அழுத்துகிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய் பழைய பதிவை அழித்துவிட்டு, அன்றைய விரலைப் புதிதாகப் பதிந்து கொடுத்துவிட்டு வருகிறேன்.